பாய் இடித்த பிக்கப்

வேனிலிருந்து இறங்கிய கையோடு பெரியவர் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். சங்கிலிக்கு முதல் சங்கடமே அதுதான்.

கேத்தியிலிருந்து கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டி மார்க்கெட்டுக்குப் போகிற வழி. மூடுபனியில் முன்னால் ஒன்றும் தெரியாததால், பிக்கப்பை ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். பின்னால் 'டமார்' என்று சத்தம். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. இறங்கி ஓடிப் பார்த்தால், பின்கதவு நசுங்கி உள்ளே போயிருந்தது. அதற்குப் பின்னால் விளக்கு உடைந்த ஓர் ஆம்னி வேன். இத்தனை வருஷம் மலைப்பாதையில் ஓட்டிச் சேர்த்த வசவுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு சங்கிலி வாயைத் திறந்தான்.

"தப்பு என் மேலதான் தம்பி. என்ன வேணா திட்டு," என்றார் பெரியவர். "உனக்கு அடி கிடி பட்டுச்சா? கழுத்தை இப்படித் திருப்பு, பாக்கலாம்."

சங்கிலி கழுத்தைத் திருப்பிக் காட்டினான். அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது?

அவர் பெயர் ஷௌகத் அலி. ஊட்டி காந்தலில் சொந்தமாக அடுப்பு வைத்து வர்க்கி பிஸ்கட் போடுகிறவர். எஸ்டேட் டீக்கடைகளுக்கெல்லாம் தானே வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"இன்சூரன்ஸ்ல எழுதிப் போட்டா செலவு வந்துருமுங்க பாய்," என்றான் சங்கிலி.

பாய் பதறிப்போனார். "வேண்டாம் தம்பி. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா சாவியைப் புடுங்கிருவா. இடது கண்ணு கொஞ்ச நாளா மசமசங்குது. அவகிட்ட மறைச்சு வெச்சிருக்கேன். செலவு பூராவும் என்னோடது. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், தங்கமான பையன்."

தங்கமான பையன் ஆறுச்சாமி, பின்கதவைச் சுத்தியலால் அடித்து அடித்து நேராக்கினான். கதவு நேரானது. தாழ்ப்பாள் கோணிக்கொண்டது. மறுநாள் மேட்டில் ஏறும்போது கதவு தானாகத் திறந்து மூட்டை சரிந்தது தெரியாமல் சங்கிலி பாட்டுக் கேட்டுக்கொண்டே போனான். ஊட்டியில் இறங்கிப் பார்த்தால் மூன்று மூட்டைகளைக் காணோம். திரும்பி வந்தபோது, வழிநெடுகக் குரங்குகள் ஆளுக்கொரு கேரட்டோடு மதில்மேல் உட்கார்ந்திருந்தன.

"தாழ்ப்பாளை மாத்திருவோம்," என்றார் பாய்.

ஆறுச்சாமி புதுத் தாழ்ப்பாளைப் பற்றவைத்தான். இந்த முறை கதவு திறக்கவே இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் பக்கவாட்டில் ஏறி இறங்கி நொந்துபோய், "ஏனுங்க, இது வண்டியா, பீரோவா?" என்று கேட்டார்கள்.

"அப்ப கதவையே புதுசாப் போட்டுருவோம்," என்றார் பாய்.

ஆறுச்சாமி பழைய கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நாலு நாள் என்றான். நாலு நாள் எல்லா மெக்கானிக்குக்கும் நீளுகிற மாதிரி அவனுக்கும் நீண்டது. அதுவரை சங்கிலியின் பிழைப்புக் கெடக்கூடாது என்று, விடியற்காலையில் பாயே கேத்திக்கு வந்து கேரட்டை ஆம்னியில் ஏற்றிக்கொண்டார். பாதி மூட்டைகள்தான் ஏறும். இரண்டு நடை போக வேண்டும். பாயின் கண்ணை நம்ப முடியாததால் சங்கிலியே ஓட்டினான். அப்படியே வர்க்கியையும் கடை கடையாக இறக்கினான். கேரட்டில் வர்க்கி வாசமும் வர்க்கியில் மண் வாசமும் ஏறின.

மண் வாசத்தை முதலில் கண்டுபிடித்தவள் பாயின் மனைவி சைனம்பு. வேனைத் திறந்தாள். சீட்டுக்கடியிலிருந்து கேரட் தழையை ஒரு கைப்பிடி அள்ளி எடுத்தாள்.

"இது என்ன?"

பாய் வானத்தைப் பார்த்தார். சங்கிலிக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், கண்ணைப் பற்றியும்.

சைனம்பு சாவியைப் பிடுங்கினாள். பிடுங்கியதைச் சங்கிலியின் கையில் வைத்தாள். "இனிமே நீயே ஓட்டு தம்பி. மொதல்ல கை கழுவு. சாப்பிட்டுத்தான் போகணும்."

சுடுசோற்றில் மீன் ஆணத்தை ஊற்றினாள். சங்கிலி தலை நிமிராமல் சாப்பிட்டான். மனைவி போய்ச் சேர்ந்து, மகளையும் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, இன்னொருவர் பரிமாறிச் சாப்பிடுவதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மறுநாளும் சாப்பிடச் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் யாரும் சொல்லவில்லை. தட்டு தானாக வந்தது.

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பாயின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்வித்து அழைத்துவந்ததும் சங்கிலிதான். கட்டு அவிழ்த்து, சில வாரங்கள் கழித்துப் பாய் அவனை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

"உங்களைச் சந்திச்ச பொறவுதானுங்க பாய்."

கதவைப் பற்றி இப்போது சங்கிலி ஆறுச்சாமியிடம் கேட்பதே இல்லை. வண்டி சரியாகிவிட்டால் காந்தல் வீட்டுக்குப் போக என்ன காரணம் சொல்வது?

ஆனால் சைனம்பு விடவில்லை. "அடுத்தவங்க வண்டியை இடிச்சுட்டு முழுசாக் கொடுக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. வேனுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டறோமே, எதுக்கு?" என்று இருவரையும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய சர்வேயர் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நசுங்கின கதவு எங்கே?"

"மெக்கானிக் கழட்டிட்டானுங்க."

"கதவே இல்லாத வண்டியில கதவு நசுங்கிடுச்சுன்னு எப்படிங்க எழுதறது? சரி, இடிச்ச எடத்துக்கே வந்து, எப்படி இடிச்சுதுன்னு காட்டுங்க. அன்னைக்கு யார் ஓட்டினாங்களோ அவங்கதான் ஓட்டிக் காட்டணும்."

ஓட்டிக் காட்டவேண்டிய அன்று காலையில்தான் ஆறுச்சாமிக்கு ரோஷம் வந்து, புதுக் கதவைப் பொருத்திக் கொடுத்திருந்தான். பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. சங்கிலி அதை ஒருமுறைகூடத் திறந்து மூடிப் பார்க்கவில்லை. இன்றோடு கணக்குத் தீர்ந்தது.

வளைவில் அவன் பிக்கப்பை நிறுத்தினான். சர்வேயரும் சைனம்புவும் ஓரமாக நின்றார்கள். நல்ல வெயில். ரோடு துடைத்த மாதிரி கிடந்தது. ரொம்ப நாள் கழித்து ஸ்டியரிங்கைத் தொட்ட பாய், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியுது தம்பி!"

"மெதுவா வாங்க பாய். ஒரு மொழம் இருக்கறப்பவே நிறுத்திருங்க," என்றான் சங்கிலி.

பாய் மெதுவாகத்தான் வந்தார். ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார்.

டமார்!

புதுக் கதவு பழைய கதவைவிட நன்றாக நசுங்கியது. வேனின் இரண்டு விளக்குகளும் போயின. சர்வேயர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"கண்ணு தெளிஞ்சு என்ன பிரயோசனம்?" என்று சைனம்பு தலையில் கைவைத்தாள். "காலு?"

பாய் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, மறுபடியும் நானே... உனக்கு நான் வேதனைக்குன்னே வந்து வாய்ச்சிருக்கேன்."

"விடுங்க பாய்," என்றான் சங்கிலி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுச்சாமி இன்னொரு கதவு செய்ய இன்னும் எத்தனை 'நாலு நாள்' ஆகுமோ என்ற நினைப்பே இதமாக இருந்தது. "கழுத்தைத் திருப்புங்க, பாக்கலாம்."

சத்தம் கேட்டு, ரோட்டுக்கு மேலே இருந்த டீக்கடையிலிருந்து ஓர் அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தாள். சர்வேயர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரென்னங்கம்மா?"

"பாலாமணிங்க."

"மொதல் தடவை இந்த வேன் இந்தப் பிக்கப்பை இடிச்சப்ப நீங்க பாத்தீங்களா?"

பாலாமணி பாயையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல் தடவையே இப்பத்தானுங்களே இடிச்சாரு! அன்னைக்குப் பனியில என் கடையோரமா எறங்கி வந்து, நடுவுல பூந்து ரெண்டு வண்டியையும் முட்டித் தள்ளிட்டுப் போனது காட்டெருமைங்க. சொல்லலாம்னு ஓடித்தான் வந்தேன், அதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களாட்டம் பேசிக்கிட்டு நின்னாங்களா, நல்லா இருக்கறதை நாம எதுக்குக் கெடுக்கோணும்னு அப்படியே திரும்பிப் போயிட்டேனுங்க."