பிரசிடெண்டுக்கு இருக்கு

அன்று நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விளக்கம் பிறகு.

1. குடியரசு தினத்தன்று காலை எட்டரை மணிக்கு எங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் பிரசிடெண்ட் கொடியேற்றினார்.
2. பிரசிடெண்ட் என் அம்மா.
3. தேசிய கீதம் தொடங்கிய அதே நேரத்தில், ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் கையில் கறுப்புப் பையோடு வாய்க்கால் கரை வழியாக வந்தார்.
4. நான் அவர்மேல் பாய்ந்தேன். இருவரும் வாய்க்காலில் விழுந்தோம்.
5. பைக்குள் இருந்த ஏதோ ஒன்று அலறத் தொடங்கியது.
6. ஊரே அசையாமல் நின்று பார்த்தது.
7. ஹெல்மெட்டைக் கழற்றினால், உள்ளே என் அப்பா.

(எண் போட்டு எழுதினால் எல்லாம் ஏதோ ஒழுங்காக நடந்தது மாதிரி இருக்கிறது. அதற்காகத்தான் எண் போடுகிறேன்.)

நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். எது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இது நடந்தபோது கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை. பட்டியல் போடும் வியாதி மட்டும் வந்துவிட்டிருந்தது.

எங்கள் ஊர் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. பேருந்து நடத்துநர் பேர் சொல்லிக் கூவ மறந்துபோகும் அளவுக்குச் சின்ன ஊர். ஆனால் எங்களுக்கும் ஒரு பிரசிடெண்ட் உண்டு. காகிதத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் என்று இருக்கும். வாயில் பிரசிடெண்ட்தான். அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி என்பதால் மகளிர் குழுவில் இருந்த அம்மா நின்றாள், ஜெயித்தாள். அமலி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மறுநாளே ‘பிரசிடெண்டம்மா’ என்றார்கள். அந்தப் பேருக்கு அம்மா திரும்பிப் பார்க்க ஒரு மாதம் ஆனது.

அப்பா கத்தாரில் ஒரு வணிக வளாகத்தில் செக்யூரிட்டி. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது போனவர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் வருவார். மற்ற நாட்களில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம் இருந்தது. அன்று அவருக்கு விடுமுறை. இரண்டு பேரும் ஒரே படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்வோம். “ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு!” என்பார் அப்பா. அங்கேயும் இங்கேயும் படம் ஒரே நொடியில் தொடங்கும். இன்னொரு போனில், அம்மாவுடையதில், பேசிக்கொண்டே பார்ப்போம்.

எப்போதும் ஒரே வகைப் படம்தான். அமெரிக்க ஜனாதிபதியைத் தீவிரவாதிகள் பிடிக்க வருவார்கள். ஒரே ஒரு காவலர் காப்பாற்றுவார். தமிழில் பேசும் அமெரிக்கா அது. வெள்ளைக்காரத் தளபதி, “டேய், தலைவரைக் கீழ அழுத்துங்கடா!” என்று கத்துவார். அப்பா கதையைக் கவனிக்க மாட்டார். வேலையைக் கவனிப்பார்.

“பாத்தியா ஜெனி, பின் கேட்ல ஒருத்தனையும் நிக்க வைக்கல. எங்க மால்ல இப்படி விட்டா அன்னிக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவான்.”

“அப்ப நீங்களும் விட்டுருங்கப்பா.”

“விட்டா?”

“ஊருக்கு அனுப்பிருவாங்கல்ல.”

இதற்கு அப்பா சிரிப்பார். நான் சிரிப்புக்குச் சொன்னதாகக் காட்டிக்கொள்வேன்.

அந்தப் படங்களில் இன்னொரு விஷயமும் மாறாது. காவலருக்கு ஒரு மகள் இருப்பாள். அப்பா வருவார் என்று பள்ளிக்கூட வாசலிலோ பிறந்தநாள் கேக்குக்கு முன்னாலோ காத்திருப்பாள். அவருக்கு டியூட்டி. மொத்தம் இரண்டு காட்சி அவளுக்கு. தொடக்கத்தில் ஒன்று, எல்லாம் வெடித்து முடிந்தபின் ஒன்று. அப்பா ஜனாதிபதியைப் பார்ப்பதாக நினைத்திருந்தேன். நான் அந்தப் பெண்ணின் இரண்டாவது காட்சிக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அந்த முறை அப்பா வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது தள்ளிப்போய், “மே மாசம் பாக்கலாம்” என்று ஆகிவிட்டது. வீடியோ காலில் பேசினீர்களே என்பீர்கள். அப்பா போனைப் பிடிக்கும் விதத்தில் எனக்கு இரண்டரை ஆண்டாகத் தெரிந்தது அவருடைய நெற்றியும் ஒரு டியூப்லைட்டும். அந்த டியூப்லைட்டை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லியிருப்பேன்.

இனி தீவிரவாதிக்கு வருவோம். கலியபெருமாள் மாமா. அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். வாய்க்கால் கரையில் அவர் போட்டிருந்த மாட்டுக்கொட்டகையை, தூர்வார மிஷின் வந்தபோது அம்மா பிரிக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு வண்டி ஓட்டுவார். (அப்படி ஓட்டி ஒரு தடவை எங்கள் வைக்கோல் போரிலேயே மோதினார்.)

குடியரசு தினத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்குப் பின்பக்கம் மாமா போனில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“கொடி ஏத்துற நேரத்துக்குக் கரெக்டா வந்துரணும்... ம்... யாருக்கும் தெரியக் கூடாது. மூச்சு விட மாட்டேன்... அன்னிக்கு இருக்கு பாரு பிரசிடெண்டுக்கு!”

‘இருக்கு’ என்ற சொல்லை என் வாழ்நாளில் நான் நல்ல விதமாகக் கேட்டதே இல்லை. “வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு” என்று அம்மா சொன்னால் அங்கே எனக்குப் பாயசம் இருந்ததில்லை.

அம்மாவிடம் ஓடினேன். அவள் நூறு நாள் வேலை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கலியபெருமாளா? அவர் கோழி அடிக்கவே பக்கத்து வீட்டு ஆளக் கூப்பிடுவாரு. போடி, போயி உலையப் பாரு.”

ஜனாதிபதி ஆபத்தை நம்ப மறுப்பது எல்லாப் படத்திலும் உண்டு. எனவே என் சந்தேகம் உறுதியானது. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அப்பாவைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடித்ததும் அங்கிருந்து தும்முவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“ஆபத்துதான்” என்றார் கடைசியில். “நீதான் பாத்துக்கணும். ஒன்னை நம்பித்தான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்.”

திட்டம் போட்டேன். வரைபடம், நுழைவழிகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஆள். மகளிர் குழுவில் ஒன்பது பேரைத் தேற்றினேன். தெருப் பக்கம் இருவர், பள்ளிக்கூடப் பக்கம் இருவர், களத்துப் பக்கம் மூவர். இரண்டு பேர் கொழுக்கட்டை வேக வைக்கப் போய்விட்டார்கள். போனில் நான் அதைப் படிக்கப் படிக்க அப்பா “சரி, சரி” என்று கேட்டுக்கொண்டார்.

“வாய்க்கால் பக்கம் மட்டும் ஆளில்லப்பா.”

“அத விட்டுரு. அந்தப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டான்” என்றார், கொஞ்சம் அவசரமாக.

நான் போனை வைத்துவிட்டு யோசித்தேன். ஒருத்தனும் வர மாட்டான் என்று சொல்லும் வாசலில்தான் முதலில் ஆள் போட வேண்டும் என்று பத்து ஆண்டாக எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். ஊர் ஞாபகத்தில் அப்பாவுக்குத் தொழில் மறந்துவிட்டது, பாவம் என்று நினைத்து வாய்க்கால் பக்கம் நானே நின்றேன்.

அறுவடைக் காலம். பனி இன்னும் விலகவில்லை. தூரத்து வயலில் அறுவடை மிஷின் சத்தம். அம்மா கயிற்றை இழுத்தாள். முடிச்சு முதல் இழுப்பில் அவிழவில்லை, இரண்டாவதில் அவிழ்ந்து பூ கொட்டியது. பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தொடங்கினார்கள். ஊர் விறைத்து நின்றது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். எங்கள் ஊருக்குள் ஹெல்மெட் போடுபவர் யாரும் கிடையாது. அதிலும் நடந்து வரும்போது ஹெல்மெட் போடுபவர் எந்த ஊரிலும் கிடையாது. ஒல்லியான உருவம், வேகமான நடை. நேராக அம்மாவைப் பார்த்து வந்தவர் பைக்குள் கையை விட்டார்.

ஓடினேன். பாய்ந்தேன். பனியில் நனைந்த கரை வழுக்கியதால், திட்டமிட்டதைவிடச் சிறப்பாகவே பாய்ந்தேன். மதகுக் கல்லில் ஒரு மோது மோதி, முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டு பேரும் விழுந்தோம். வலது கையைப் பிடித்து முதுகுப் பக்கம் திருப்பினேன். பையிலிருந்து வண்டிச் சைரன் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, வயல்வெளியில் இருந்த கொக்கு அத்தனையும் எழுந்து பறந்தன.

யாரும் உதவிக்கு வரவில்லை. வர முடியாது. தேசிய கீதம் ஐம்பத்திரண்டு வினாடி. எங்கள் பிள்ளைகள் பாடினால் எழுபது. நேராக நின்ற உடம்புகளில் கண்கள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. அம்மா கொடிக் கம்பத்தடியில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் ‘உனக்கு இருக்கு’ என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“பிடி சரிதான். இன்னும் கொஞ்சம் கீழ பிடிக்கணும். இப்ப விடு ஜெனி, வலிக்குது.”

ஹெல்மெட்டைக் கழற்றினேன். டியூப்லைட் இல்லை. நெற்றி இருந்தது. அதற்குக் கீழே முழு முகமும் இருந்தது. நான் பார்த்ததைவிட இளைத்து, மீசை பாதி நரைத்து.

கீதம் முடிந்தது. ‘ஜெய ஹே’ சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மா கரைக்கு வந்துவிட்டாள். இரண்டரை ஆண்டு கழித்துக் கணவரைப் பார்க்கிறாள்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான்” என்றார் அப்பா, தண்ணீரில் உட்கார்ந்தபடி.

கலியபெருமாள் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். பத்து நாள் விடுப்பு கிடைத்ததும் அப்பா அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். திருச்சியிலிருந்து கூட்டி வந்ததும் அவர்தான், முகத்தை மறைத்த ஹெல்மெட்டும் அவருடையது. கொட்டகைக் கோபம் அம்மாவோடுதான், அப்பாவோடு இல்லையாம். பையில் இருந்தது கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி. அம்மாவின் குரல் கூட்டத்தில் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்து வாங்கியது. அதில் ஆபத்துக்கு அழுத்த ஒரு சைரன் பொத்தானும் உண்டு. நாங்கள் விழுந்ததில் அது அழுந்திவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்ல, பிரசிடெண்டுக்கு இருக்குன்னு!” என்றார் மாமா.

திருவாரூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு முறிவு. கல்லா, என் பிடியா என்பதில் குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி.

“எப்படி விழுந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“பொண்ணு தள்ளிவிட்டுச்சு.”

“ஏம்மா?”

“பிரசிடெண்டைக் காப்பாத்தறதுக்கு” என்றேன்.

டாக்டர் அப்பாவின் கையை விட்டுவிட்டு என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஆறு வாரம் கட்டு. அதுவரைக்கும் வேலை கிடையாது, பயணம் கிடையாது” என்றார். நான் அங்கேயே அழுதேன். குற்ற உணர்ச்சி என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். பாதிதான் அது.

பத்து நாள் நாற்பத்திரண்டு நாளானது. அப்பாவின் சட்டைப் பொத்தானை நான் போட்டேன். சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் கொடுக்க, இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். கலியபெருமாள் மாமா தினம் வந்தார், முதலில் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, பிறகு அம்மா காபி போடும் நேரமாகப் பார்த்து. வெள்ளிக்கிழமை மதியம் ஒரே போனில், ஒரே கட்டிலில் உட்கார்ந்து படம் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டியிருக்கவில்லை. எண்ணினோம்.

படம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் அப்பா தூங்கிவிட்டார். அடுத்த வெள்ளியும் அதேதான். மூன்றாவது வாரம் எழுப்பிக் கேட்டேன். வியாழன் ராத்திரி முழுக்க டியூட்டி இருக்கும், வெள்ளிக்கிழமை எந்தப் படத்தையும் பாதிக்குமேல் பார்த்ததில்லை என்றார். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கடைசியில், “என்ன, பிரசிடெண்ட் தப்பிச்சாரா?” என்று கேட்டிருக்கிறார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

“அப்புறம் எதுக்குப்பா படம்?”

“நீ பேசிக்கிட்டே இருப்பல்ல” என்றார்.

கட்டுப் பிரித்த நான்காம் நாள் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். உள்ளே போகும் வரிசையில் அப்பா நிற்க, நாங்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டாள். கலியபெருமாள் மாமா என் காதருகே குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“என்ன ஜெனி, இன்னொரு கை இருக்குல்ல?”

வரிசையில் நின்ற முகம் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அப்பா இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தக் கையை ஒரு நொடி உண்மையாகவே பார்த்தேன் என்பதை இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அதன்பின் அப்பா ஒரு முறை வந்து போனார். அப்போதும் அதே இடத்தில் அதையே மாமா கேட்டார், அப்பா கையை ஒளித்தார். உறவுக்காரர்கள் எங்காவது வெளிநாடு கிளம்பினால் வழியனுப்ப என்னைக் கூப்பிட வேண்டாம் என்கிறார்கள்.

அம்மாவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தெருவில் இன்னும் பிரசிடெண்டம்மாதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அப்பா கத்தாரில் இருக்கிறார். இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன.