தொண்டைக் காவலர்

பாட்டுக்குப் பெயர்போனவர் ஒருவர் இருக்கும் இடத்தில், அவருடைய தொண்டைக்குக் காவல் இருப்பவர் ஒருவரும் இருப்பார். தம்மை மேனேஜர் என்று சொல்லிக்கொள்வார். நாம் தொண்டைக் காவலர் என்றே அழைப்போம். பாடகியிடம் சௌக்கியமா என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கோம்" என்ற பதில் இவரிடமிருந்து வரும்.

தாராஸ் நகரத்துப் பாடகி குல்பர்ஷினுக்கு வாய்த்த காவலர் எர்போலாத். அவளுடைய தேநீரைத் தாம் முதலில் உறிஞ்சிச் சூடு பார்ப்பார், அவள் போனைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், புளித்த குதிரைப்பாலைக் கண்டால் தொண்டைக்கு ஆகாதென்று தாமே குடித்துத் தீர்ப்பார், எந்த ரசிகருக்கு எத்தனை பல் தெரியச் சிரிக்கலாம் என்பதுவரை தீர்மானித்துவிட்டு, தமக்கு ஓய்வே இல்லை என்று அலுத்தும் கொள்வார். கெட்டவரா? இல்லவே இல்லை. அவள் இருமினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அதனாலேயே அவரைத் திட்டவும் முடியாது.

அவளுடைய ஒரே தம்பி நுர்கெனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, மணப்பெண்ணை வணங்கவைத்து, கடைசியில் அவள் முகத்திரையை விலக்கும் பாட்டை அக்காதான் பாட வேண்டும் என்று கேட்டிருந்தான். அவளுக்கும் அது உயிரான ஆசை. காவலரோ, வாசலில் குளிர், அடுத்த வாரம் அஸ்தானாவில் கச்சேரி, ஆகவே நாங்கள் பாடவில்லை என்று தம்பியிடம் அறிவித்துவிட்டு, வேறொரு பாட்டுக்காரனை வரவழைத்துவிட்டார். குல்பர்ஷின் வாய் திறக்கவில்லை. வாய் அவர் பொறுப்பில் அல்லவா இருந்தது?

விருந்தில் வெந்த ஆட்டுத்தலை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மாமா சேய்த்கலிக்கு உரிய மரியாதை அது. அவள் பக்கமாக எந்தத் தட்டு வந்தாலும் கை நீட்டிப் பழகிய காவலர், "எங்களுக்குக் கொழுப்பு ஆகாதுங்க" என்றபடி அதையும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஊர் வழக்கத்தில் ஆட்டுத்தலை தகப்பனை இழந்தவருக்கே உரியது. தகப்பன் உயிரோடிருப்பவன் அந்தத் தட்டைக் கையில் வாங்குவானா?

"ஏம்ப்பா, ஒங்கப்பா எப்பத் தவறினாரு? ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் மாமா.

காவலர் விளக்குவதற்குள் பெண்கள் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். யாரோ அவர் வீட்டுக்குப் போன் போட்டுத் துக்கமும் விசாரித்துவிட்டார். போனை எடுத்தவர் தகப்பனாரேதான். அடுத்த நிமிஷம் மகனுக்கு வந்தது அழைப்பு: "ஏன்டா, நான் இருக்கும்போதே தலைய வாங்கிட்டியாமே? அவ்வளவு அவசரமா ஒனக்கு?" காவலர் போனும் கையுமாகத் தோட்டத்துக்கு ஓடினார்.

அந்நேரம் மணப்பெண் வாசலில் வந்து நின்றாள். குல்பர்ஷின் பாட்டுக்காரனின் தந்திவாத்தியத்துக்குக் கை நீட்டினாள்.

"எதுக்கும் அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று அவன் இழுத்தான்.

"கேட்டா ஆகாதும்பாரு. குடு. என் தம்பி பொண்டாட்டிய நான்தான் பாடிக் கூப்பிடணும்."

குளிரில் நின்று, உறவில் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிப் பாடினாள். திரை விலகியபோது தம்பி அழுதான், அவளும் அழுதாள். எத்தனையோ மேடைகளில் கிடைக்காத நிறைவு அது.

தகப்பனாரைச் சமாதானப்படுத்திவிட்டுக் காவலர் திரும்பியபோது ஊரே அவளை மெச்சிக்கொண்டிருந்தது. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நல்லாப் பாடினோம்ல?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் நீங்கள் போன கல்யாணத்தில், பரிமாற வந்தவர் உங்கள் மனைவியிடம் இன்னும் கொஞ்சம் பாயசம் போடட்டுமா என்று கேட்டாரே, "அவளுக்கு ஆகாது" என்று பதில் சொன்னது யார்?