கைப்பேசி சூட்டிய மேடைப் பெயர்

எட்டு மாதம் மாய்ந்து மாய்ந்து ஒரு பாட்டைச் செய்தவன், அதை வெளியிடும்போது தன் பெயரை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் இன்னும் செய்யவில்லை. (முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.)

நான் தாண்டவமூர்த்தி. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். (ஆமாம், பிழை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.) இனி இசைக் கம்பெனி தயவு வேண்டாம், படுக்கையறையில் பாடி நாமே இணையத்தில் ஏற்றலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஏற்றினேன். மேடைக்காகச் சுருக்கிய ‘தாண்டவ்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மலாய் மொழியில் ஓடும் என் கைப்பேசிக்கு அப்படியொரு சொல் தெரியாது. கடைசி எழுத்தை அதுவே திருத்தி, தனக்குத் தெரிந்த சொல்லாக்கிவிட்டது: தண்டாஸ். அதாவது, கழிப்பறை.

இது தெரியாமல் கபீர் அண்ணனுக்கு லிங்க்கை அனுப்பினேன். ஜார்ஜ்டவுனில் ஒரு காபிக் கடை மாடியில், சொந்தப் பாட்டுக்காரர்களுக்கு மேடை கொடுப்பவர் அவர். அந்த ஒரு மேடை கிடைத்தால்தான் நான் பாடகன் என்று நானே நம்புவேன். இரண்டு நாள் பதில் இல்லை, சோறு இறங்கவில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணையே நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். மேலே இருந்த பெயரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“பாட்டு ஓகே லா தம்பி. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துரு. பேருதான் ரொம்பத் தைரியம்.”

“எங்கப்பா வச்ச பேருண்ணே,” என்றேன் பெருமையாக.

“அப்பாவா?” என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கடை வாசலில் போஸ்டர். கொட்டை எழுத்தில் என் புதுப்பெயர். பக்கத்தில், மாடிப்படியைக் காட்டும் அம்புக்குறி. என் மனைவி மலர் போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணே, பேரு தப்புண்ணே,” என்று கபீர் அண்ணனிடம் ஓடினேன்.

“இப்பப் போய்ச் சொல்றியே. போ, கூட்டம் வருது பாரு.”

கூட்டம் வந்தது. ரொம்ப வேகமாக வந்தது. நான் முதல் வரியை எடுத்ததும் ஒரு மாமா வயிற்றைப் பிடித்தபடி ஏறி வந்து, என்னையும் கிட்டாரையும் பார்த்து, “எங்க தம்பி?” என்றார்.

பாட்டை நிறுத்தி, “கீழ, சமையல்கட்டுக்குப் பின்னால,” என்றேன். கிட்டாரில் அடுத்த கார்டு தப்பியது. இப்படி ஏழு பேருக்கு வழி சொன்னேன். அந்த மாமா மட்டும் போன காரியம் முடிந்து நிதானமாகத் திரும்பி வந்தார். கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயரை மாற்றச் சொல்லி இணையதளத்தில் கேட்டபோது, புதுக் கணக்குதான் தொடங்க வேண்டும், இதுவரை கேட்டவர்கள் அதற்குக் கூடவே வந்துவிடமாட்டார்கள் என்றார்கள். சேர்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் பேரை விட எனக்கு மனமில்லை. ஆகவே இன்றைக்கும் நான் தண்டாஸ்தான். பாசார் சந்தை, பஸ் நிலையம் என்று எங்கே போனாலும், ‘தண்டாஸ்’ பலகையைக் கண்டதும் மலர் கைப்பையை என்னிடம் நீட்டுவாள்.

“இதப் பிடிங்க. உங்க கச்சேரிக்குப் போயிட்டு வந்துடறேன். டிக்கெட்டு முப்பது சென் காசுதான்.”