அடுக்கினால் அழகு

பொம்மையின் வலது கை மடிப்பின் கையோடு வந்துவிட்டது.

சட்டைக் கைக்குள் நுழைப்பதற்காக இலேசாகத்தான் இழுத்தார். தோளில் 'டக்' என்று ஒரு சத்தம். கழன்று வந்த கையைப் பிடித்தபடி, யாருக்கோ கைகுலுக்க வந்தவர் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மடிப்பு என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. அந்தத் துணிக்கடையின் ஆண்கள் பிரிவில் வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட சட்டை மலையைக் கண்மூடித் திறப்பதற்குள் மடித்து அடுக்கிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பொம்மையோ முதலாளி கப்பலில் வரவழைத்தது. சொந்த மகன் கீழே விழுந்தால் "எழுந்திருடா" என்பவர், பொம்மைமேல் தூசு விழுந்தால் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

அன்று காலையில்தான் முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"குளிர் வந்துடுச்சு. இந்த வருஷம் அடுக்கு உடுப்புதான். மெல்லிசு உள்ள, கனமானது வெளிய. ஆனா உள்ள போட்டது ஒவ்வொண்ணும் கொஞ்சம் எட்டிப் பாக்கணும். காலர் ஒரு விரல், சட்டை நுனி ரெண்டு விரல். மூட்டை கட்டின மாதிரி இருந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும். சாயங்காலம் வந்து பாப்பேன். ஜன்னல்ல யாரோட பாதி நல்லா இருக்கோ, அவங்கதான் இனிமே மேற்பார்வை."

கடையின் கண்ணாடி ஜன்னலில் இடது பாதி மடிப்புக்கு. வலது பாதி பெண்கள் பிரிவு அக்காவுக்கு. அக்காவின் பொம்மை அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. பூப்போட்ட சட்டை, அதன்மேல் பொத்தான் வைத்த கம்பளி, அதற்கும் மேலே முழங்கால் வரை தொங்கும் கோட்டு, மூக்கு வரை சுற்றிய சால்வை, கருப்புக் கண்ணாடி, தொப்பி, கையுறை. பார்த்தவுடன் வயிறு எரிந்தது.

"அக்கா எங்கண்ணே?" என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டார்.

"தலைவலின்னு சொல்லிட்டு உள்ள போச்சு. அப்புறம் ஆளைக் காணோம். வீட்டுக்குப் போயிருக்கும்."

'வேலையை முடிச்ச திமிரு' என்று பல்லைக் கடித்துக்கொண்டார் மடிப்பு.

சரி, கைக்கு வருவோம். சட்டைக் கைக்குள் துண்டுகளைச் சுருட்டித் திணித்து, நுனியில் ஒரு கையுறையைச் செருகி, அதைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துவிட்டார். அலட்சியமாக நிற்கும் பணக்காரப் பிள்ளை போல நன்றாகவே இருந்தது. ஆனால் தோள் மட்டும் ஒரு பக்கம் தொங்கியது. கம்பளிச் சட்டை போட்டால் சரியாகிவிடும் என்று அதைத் தலை வழியாக மாட்டினார். கழுத்து இறுக்கமாக இருந்தது. இழுத்தார். சட்டை இறங்கியது. பொம்மையின் முகம் முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"என்னய்யா, உன் பொம்மை கோவிச்சுக்கிச்சா?" என்றார் கல்லாக்காரர்.

"சும்மா இருங்கண்ணே!"

திருப்பிப் பார்த்தார். கழுத்தில் விரிசல். விரிசலை மறைக்க மப்ளர் சுற்றினார். மப்ளர் ஒரு பக்கம் இழுத்ததால் எதிர்ப்பக்கம் பாரம் வேண்டும் என்று கனமான தோல் கோட்டை மாட்டினார். ஒருகணம் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. காலர் ஒரு விரல், சட்டை நுனி ரெண்டு விரல், எல்லாம் எட்டிப் பார்த்தன. அடுத்த கணம் இடுப்பில் 'படார்' என்றது. மேல்பாதி குப்புற விழுந்தது. கீழ்ப்பாதி விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பாதிகளையும் உடை மாற்றும் அறைக்குள் தள்ளித் திரையை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் கையில் கால்சட்டையோடு வந்தார்.

"உள்ள இருக்கறவரு எப்ப வருவாரு? ரொம்ப நேரமா காலு மட்டும்தான் தெரியுது. அசைய மாட்டேங்கறாரே!"

"அவரு... கொஞ்சம் யோசிச்சு வாங்கற ஆளு சார்."

அதற்குள் கல்லாக்காரர் அலறினார். "யோவ் மடிப்பு! முதலாளி கார் திரும்புது!"

யோசிக்க நேரமில்லை. மடிப்பு தன் சட்டையின்மேல் கம்பளிச் சட்டையை மாட்டினார். தோல் கோட்டைப் போட்டார். மப்ளரை மூக்கு வரை சுற்றினார். தொப்பி, கருப்புக் கண்ணாடி, கையுறை. பாய்ந்து ஜன்னலில் ஏறி, ஒரு கையைப் பைக்குள் விட்டு விறைத்துக்கொண்டார். கார் சத்தம் கேட்டது. ஆனால் அது முதலாளியின் கார் அல்ல, அதே நிறத்தில் வேறு யாருடையதோ.

இறங்கலாம் என்றால், கண்ணாடிக்கு வெளியே அவருடைய மனைவியும் மைத்துனியும் வந்து நின்றார்கள்.

"அக்கா, இந்தப் பொம்மையைப் பாரேன். அப்படியே மாமா மாதிரி இல்ல?"

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "உசரமெல்லாம் அவருதான். ஆனா அவரு எங்கடி இப்படிச் சொன்ன இடத்துல நிப்பாரு? அதுவும் வாயைத் திறக்காம!"

"உடுப்பு நல்லா இருக்குல்ல?"

"பொம்மைக்கு எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். அவருக்குப் போட்டா கரடி மாதிரி இருக்கும்."

மப்ளருக்குள் மடிப்பின் உதடு துடித்தது. தலைக்கு மேலே நான்கு விளக்குகள் சுட்டன. உள்ளே போட்டிருந்த பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கம்பளி இழை ஒன்று மூக்குக்குள் புகுந்து நலம் விசாரித்தது. பக்கத்தில் அக்காவின் பொம்மை ஜம்மென்று நின்றது. பொம்மையாகப் பிறந்திருக்கலாம் என்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஆசைப்பட்டார்.

மனைவி நகர்ந்தாள். முதலாளி நிஜமாகவே வந்துவிட்டார்.

ஜன்னலுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் இடது பாதியைப் பார்த்தார்.

"ஹச்!"

"யாருய்யா தும்மினது?"

"நான்தாங்க முதலாளி" என்று கல்லாக்காரர் ஓடிவந்து, நம்பகத்துக்காக இன்னும் நான்கு தும்மல் போட்டார்.

"மடிப்பு எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காப்பல."

"வரட்டும், சொல்றேன். என்னய்யா பொம்மை வெச்சிருக்கான் இவன்? நிக்கிற நிலையைப் பாரு, செத்தவனைத் தூக்கி நிறுத்தின மாதிரி! தோள் இப்படியா தொங்கும்? முகத்துல களை இல்ல, உடம்புல உயிரோட்டம் இல்ல. சுத்த மரக்கட்டை."

மரக்கட்டையின் நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு இறங்கியது. நல்லவேளை, முதலாளி வலப்பக்கம் திரும்பிவிட்டார். திரும்பியவர் முகம் மலர்ந்தது.

"இது பொம்மை! என்ன ஒயிலு, என்ன நளினம்! கோட்டு விழுந்திருக்கற அழகைப் பாரு. தூரத்துலேர்ந்து பாத்தா மூச்சு விடற மாதிரியே இருக்கு. சந்தேகமே இல்ல, மேற்பார்வை அந்தப் பொண்ணுக்குத்தான். வந்ததும் சொல்லிடு."

"சரிங்க முதலாளி. ஹச்!"

முதலாளி காரில் ஏறிப் போனார். கல்லாக்காரர் கதவைச் சாத்திவிட்டு, உடை மாற்றும் அறையில் இருப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த ஓடினார்.

மடிப்பு அசையவில்லை. அசைய மனமில்லை. வேலை பிழைத்தது. ஆனால் இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்து, கடைசியில் உயிரோடு நின்றும், உயிரில்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மையிடம் தோற்றுவிட்டோமே என்று கண் கலங்கியது. மப்ளரைக் கீழே இறக்கி ஒரு பெருமூச்சு விட்டார்.

பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய பெருமூச்சு ஒன்று வந்தது.

"தம்பி, அவரு போயிட்டாருன்னா என்னைக் கொஞ்சம் பிடிச்சு இறக்கி விடுப்பா. காலைல என் பொம்மைக்குத் தலை போனதுலேர்ந்து நிக்கிறேன்."