கேட்டது வயல், கிடைத்தது கேட்டு

மண்ணுக்குள் பழங்காசு தேடும் மெட்டல் டிடெக்டரை இனிமேல் தொடவே மாட்டேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தியம் செய்தேன். முள்கரண்டியில் வறுத்த உருளைக்கிழங்கு. எதிரில் மனைவி லினெட். பொய்ச் சத்தியம்தான், ஒரு நல்ல காரியத்துக்காகச் செய்தது.

இங்கிலாந்தில், எங்கள் நார்ஃபோக் கிராமத்தில் சர்ச்சுக்குப் பின்னால் கிழவர் லார்வுட்டின் பார்லி வயல் இருக்கிறது. ரோமானியர்கள் போட்ட ரோடு அதன் ஓரமாகத்தான் போனது. அத்தனை பேர் நடந்து போனார்களே, ஒருத்தனுடைய சுருக்குப் பையாவது ஓட்டையாக இருந்திருக்காதா? அங்கே இதுவரை யாருமே மெஷின் வைத்துப் பார்த்ததில்லை. அடுத்த வசந்தத்தில் வயல் முழுக்க சோலார் பேனல் நடப் போகிறார்கள். ஆக, அறுப்பு முடிந்த இந்தச் சில வாரங்கள்தான். விட்டால் ஆயுசுக்கும் கிடையாது.

நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு குண்டூசியைக்கூட எடுக்கக் கூடாது. பதினோரு வருஷமாக நானும் கேட்டேன். லார்வுட் கேட்டைப் பற்றியே பேசினார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அவருடைய பன்றிப் பண்ணை வழியாகக் குறுக்கே போனவன் கேட்டை மூட மறந்துவிட்டேன். பதினேழு பன்றிகள் நேரே சர்ச்சுக்குள் போயின. அன்றைக்கு அறுவடைத் திருநாள். பூசணி, ஆப்பிள், ரொட்டி என்று பீடத்தில் அடுக்கியிருந்ததையெல்லாம் பாதிரியார் ஆசீர்வதிப்பதற்குள் பன்றிகள் ஆசீர்வதித்துவிட்டன.

அதற்கப்புறம் வேறு வயல்களில் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் குனிந்து குனிந்து நான் சேர்த்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய பீர் டின் வளையங்கள், பொத்தான்கள், டிராக்டர் ஆணிகள். முட்டி போய்விட்டது. இந்த ஒரு வயலைப் பார்த்துவிட்டால் நிஜமாகவே விட்டுவிடலாம் போல இருந்தது.

"நிஜமாவா சொல்றே ட்ரெவர்?" என்றாள் லினெட்.

"சத்தியமா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"தொட மாட்டேன். மெஷினை மேல பரண்ல போட்டுட்டேன். முட்டியும் போச்சு, வயசும் போச்சு."

"புத்தி?"

"அதுதான் இப்ப வந்திருக்கே!"

என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள்.

"இதைக் கொண்டாடணுமே! யாரைக் கூப்பிடலாம்?"

"மிஸ்டர் லார்வுட்டைக் கூப்பிடேன். உன்கூட சர்ச் மணி அடிக்கிறவராச்சே. பழசையெல்லாம் மறந்து ராசியாயிடலாம்."

"அட, உனக்கே தோணிச்சா!"

தூக்குக் கயிற்றுக்கு முன்னால் கடைசி ஆசை கேட்பார்களே, அதுதான் என் திட்டம். டீ நடுவில் ஒரு பெருமூச்சு விட வேண்டும். கிழவர் உருக வேண்டும். 'ஒரே ஒரு தடவை போய்ட்டு வாப்பா' என்று அவர் வாயாலேயே வர வேண்டும்.

சனிக்கிழமை வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"உன் வீட்டு கேட்டு திறந்தே கிடக்கு ட்ரெவர்."

ஓடிப்போய் மூடிவிட்டு வந்தேன். லினெட் எலுமிச்சை கேக் வெட்டிக் கொடுத்தாள். இரண்டாவது துண்டு பாதியில் இருக்கும்போது பெருமூச்சை விட்டேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் மிஸ்டர் லார்வுட். ஒரே ஒரு குறைதான். உங்க சர்ச் வயல்ல கால் வைக்காமலேயே போயிட்டேனேன்னு..."

கிழவர் கேக்கைக் கீழே வைத்தார்.

"அடடா. பேனல் வரப்போகுதே, போனாப் போகுதுன்னு இந்த வருஷம் குடுத்திருப்பேனே."

எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

"வேண்டாம் மிஸ்டர் லார்வுட், அவரைச் சோதிக்காதீங்க" என்றாள் லினெட். "சத்தியம் பண்ணியிருக்காரு. அதுவும் ரெண்டு வாட்டி."

"லினெட், ஒரு தடவைன்னா..."

"பேச்சு மாறாதே ட்ரெவர். சர்ச் மணி அடிக்கிற வீடு இது."

"அதான் மணி அடிக்கிற இடத்துலயே எங்க பேச்சு முடிஞ்சுதே" என்று கிழவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எழுதியே கொண்டுவந்திருந்தார். சர்ச் வயலில் தேட அனுமதி. பெயர்: லினெட். கீழே ஒரே ஒரு நிபந்தனை: கணவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அவர் போனதும் கேட்டேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சத்தியம் பண்ணினியே, அப்பவே. வெள்ளின்னா மெஷின் கணீர்னு கூப்பிடும், ஆணின்னா கர்ருனு உறுமும்னு நீதானே சொன்னே? முப்பது வருஷமா உன் குரலைக் கேக்கறேன். பொய் சொன்னா ஆணிச் சத்தம்தான் வரும். சந்தேகத்துக்குத்தான் ரெண்டாவது வாட்டி சொல்லச் சொன்னேன்."

"உனக்கெதுக்கு இந்த வேலை? உனக்குத்தான் பிடிக்காதே!"

"பதினோரு வருஷம் சனிக்கிழமை பூரா நான் இங்க தனியா உக்காந்திருந்தேன். என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு அந்த மண்ணுல என்ன இருக்குன்னு பார்க்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் குழி தோண்டியவன் எனக்கும் சேர்த்துத் தோண்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை என் மெஷின், என் ஹெட்போன், என் மண்வெட்டி எல்லாம் வயலுக்குள் போயின. நானும் டீ பிளாஸ்கும் வெளியே நின்றோம். பத்தே நிமிஷம். குனிந்தாள்.

"ட்ரெவர்! வெள்ளி! ராஜா தலை தெரியுது!"

கேட்டைத் திறந்தது எனக்கே தெரியாது. முட்டி வலி எங்கே போனதென்றும் தெரியாது. நாலு எட்டு ஓடியிருப்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டு" என்றாள்.

திரும்பி வந்து மூடினேன், வெளியே நின்று.