முதுகில் ஓர் அம்புக்குறி

கலியமூர்த்தி சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். அடுத்ததைத் திருப்பினார். அதிலும் இருந்தது.

"என்னாம்மா இது?"

"அம்புக்குறிண்ணே," என்றாள் மோகனப்பிரியா. "மேல் பக்கம் எதுன்னு தெரியணுமில்ல."

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக அவள் படம் தீட்டுகிறாள். சுவரில் பதிக்கும் ஓடு எதுவானாலும் முதுகில் சின்ன அம்பு ஒன்று போடுவாள். கொத்தனார் சாமியைத் தலைகீழாகப் பதித்துவிடக் கூடாது. கம்மாபுரத்தில் ஒரு பிள்ளையார் அப்படித்தான் நின்றார்.

இவை சுவருக்கானவை அல்ல. பீங்கானிலேயே செய்த எழுபத்தெட்டு டாரட் சீட்டுகள். புதுச்சேரியில் குறி சொல்லும் ஜெயஸ்ரீ அம்மாள் கேட்டவை. கிரேக்கக் கடவுள்கள், பழைய இத்தாலிய ஓவியங்களைப் பார்த்து வரைந்த ராஜாக்கள், ராணிகள். ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கினான்.

மாதிரிக்கு ஒரு சீட்டு அனுப்பியிருந்தாள். 'அப்படியே இதே மாதிரி வேணும்' என்று பதில் வந்தது. இந்த வேலை தேறாவிட்டால் ஓவியப் பிரிவை மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஓவியப் பிரிவு என்பது மோகனப்பிரியா மட்டும்தான்.

"போன்ல பாத்தேன்," என்றார் மேஸ்திரி கலியமூர்த்தி. "சீட்டு நேரா வந்தா ஒரு பலன். தலகீழா வந்தா வேற பலன். முதுகுல அம்பு இருந்தா திருப்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அது திருட்டுச் சீட்டும்மா."

"தொங்குறவனுக்குத்தாண்ணே ரொம்ப யோசிச்சேன். கால் பக்கம் போட்டேன்."

"வெள்ளிக்கிழம அவங்க வராங்க. அழி."

திங்களன்று உப்புத்தாளால் தேய்த்தாள். அம்பு போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. வெளிச்சத்தில் சாய்த்தால் அம்பு இருந்த இடம் மங்கலாகத் தெரிந்தது.

முதுகு முழுக்க நீலம் பூசிச் சூளையில் வைத்தாள். செவ்வாயன்று எடுத்தபோது நீலம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. ஒன்றின் முதுகில் ஆடு போல. ஒன்றில் இலங்கை போல.

"இலங்க யாரு?" என்றார் கலியமூர்த்தி.

"சூரியன்."

"ஆடு?"

"எமன்."

அவர் திருப்பிப் பார்த்தார். எலும்புக்கூடு.

"நேத்து மேல் கீழ்தான் தெரிஞ்சுது. இன்னிக்கி ஆளே தெரியறான்."

கறுப்பு பூசினாள். இரண்டு பூச்சு. புதன்கிழமை மறுபடி சூளை. வியாழனன்று திறந்தார்கள். எல்லா முதுகும் ஒரே கறுப்பு. ஒரு சீட்டு மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"யாரு?"

"எமன்ணே."

"அவனுக்கே வந்துடுச்சா."



உபரியாகச் செய்த சீட்டுகளை மற்ற பிரிவுப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எமனை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. அந்த உபரி எமனுக்கும் கறுப்பு பூசினாள். வெள்ளி காலை சூடு ஆறுவதற்குள் துணியில் பிடித்து எடுத்தாள்.

ஜெயஸ்ரீ அம்மாள் காரில் வந்தார். அவருடைய டிரைவர் பக்கிரி சீட்டுப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார்.

அம்மாள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உசுரோட இருக்குதுங்க," என்றார்.

மோகனப்பிரியா மூச்சு விட்டாள்.

அம்மாள் ஒரு சீட்டைத் திருப்பினார். முதுகைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொன்றைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

"மாதிரிக்கு வந்தது இது இல்லியே."

"அதே படந்தாங்க," என்றார் கலியமூர்த்தி. "அதே கைதான் வரஞ்சுது."

"படம் அதேதான்."

சீட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். மூடினார். "எனக்கு வேணாங்க," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

மோகனப்பிரியா தூரிகைகளைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவியவைதான்.

பக்கிரி வாசலைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, மாதிரிச் சீட்டு முதுகுல ஒரு அம்பு போட்டிருந்தியே. அத பாத்துட்டுத்தானே எழுபத்தெட்டும் கேட்டாங்க?"