பதினாறு விநாடி நீண்டுபோன பாட்டு

ஹெப்பகோடி,
29.11.2004

என் மதிப்புக்கும், போன கிறிஸ்துமஸிலிருந்து என் பயத்துக்கும் உரிய ஆம்ப்ரோஸ் மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகன் விஜய்குமார் முழங்காலில் நின்று எழுதிக்கொள்வது. நிஜமாகவே முழங்காலில்தான் நிற்கிறேன். வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் நலம். ஜோசபின் அக்கா நலம், அக்காவின் தொண்டை மட்டும் நலமில்லை. அங்கே தங்கவயலில் தாங்களும் அத்தையும் பாடகர் குழுவும் கோயில் ஆர்கனும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போன வருடம் பிரசங்கத்தின் நடுவே பதினோரு பெரியவர்களை நான் எழுந்து நிற்க வைத்தது குற்றம். அதற்காகத் தாங்கள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியது நியாயம். அதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது அக்காவுக்காக எழுதும் கடிதம்.

தங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. “ஜோசபின் அனுப்பிய பாட்டு தூக்கத்தில் நடக்கிறது. ஆர்கனில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவள் குரலோடு ஒட்டவில்லை. பிள்ளைக்குச் சுருதி போய்விட்டது. கிறிஸ்துமஸ் சி.டி.யில் தனிப்பாட்டை மதலைமுத்து மகளுக்குக் கொடுத்துவிட்டேன், டிசம்பர் ஐந்து ஞாயிறு பதிவு” என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதை உரக்கப் படித்துவிட்டு, “எங்கண்ணன் காது தப்பா சொல்லாதே” என்று அழுதது. அக்காவால் அழக்கூட முடியவில்லை. பாட்டைப் பதிவு செய்த மறுநாளே தொண்டை கட்டிக்கொண்டதால் டாக்டர் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித்தான் எங்களோடு பேசுகிறது. என்னைத் திட்டுவதும் எழுத்தில்தான். ‘எருமை’ என்று எழுதி அடிக்கோடு வேறு போடும். அன்றைக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. தாளை நாலாக மடித்து, விவிலியத்துக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மாமா, அக்கா என்னை எருமை என்று எழுதாத நாள் எனக்கு நல்ல நாளே இல்லை. அதனால் நடந்ததை ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

“வாத்தியமில்லாமல் குரலை மட்டும் அனுப்பு, வாத்தியத்தை இங்கே சேர்த்துக்கொள்கிறோம்” என்று தாங்கள் சொன்னபடி, நவம்பர் ஏழாம் தேதி மத்தியானம் பதிவு நடந்தது. மைக்குக்கு அப்பாவின் சாக்ஸ் மாட்டினோம், துவைத்ததுதான். ஃபேனை நிறுத்தினோம், குக்கரை இறக்கினோம், அக்கா தலைமேல் கம்பளி போர்த்தினோம். அப்பா ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திச் சுருதி கொடுத்துவிட்டுச் சாப்பிட்ட களைப்பில் படுத்துவிட்டார். அக்கா கம்பளிக்குள்ளிருந்து ஒரே மூச்சில் மூன்று நிமிடம் பாடியது. எனக்கே சேட்டை செய்யத் தோன்றவில்லை என்றால் எப்படிப் பாடியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடி முடித்து, நிறுத்தும் பட்டனை அழுத்துவதற்குள் கடைசியில் பொம்மசந்திராவில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் சங்கு ஒன்று ‘ஊம்ம்ம்’ என்று விழுந்துவிட்டது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப்பிறகு பாட்டுக்கு நடந்த கொடுமைகளுக்கெல்லாம் முதல் குற்றவாளி அடியேன். பாட்டு ‘வேவ்’ என்ற வகைக் கோப்பாக இருந்தது, முப்பது எம்.பி. எடை. ஃப்ளாப்பியிலோ ஒன்றரை எம்.பி.தான் பிடிக்கும். எம்.பி.த்ரீ ஆக்கினால் இளைக்கும் என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். ஆக்குவது எப்படி என்று அவன் சொல்லவில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘வேவ்’ என்றிருந்ததை அடித்து ‘எம்.பி.த்ரீ’ என்று எழுதிவிட்டேன். ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. குண்டோதரனுக்கு ஒல்லியப்பன் என்று பெயர் வைத்தால் இடுப்பு குறையுமா? பிறகு ஓசியில் கிடைத்த ஒரு மென்பொருளில் அதைத் திறந்து, அது கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ ‘சரி’ என்று தட்டினேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அதில் கோப்பின் தலைப்பகுதியில் இருந்த விவரமெல்லாம் அழிந்துபோயிற்று. மாமா, நான் அழித்தது அக்கா பாட்டின் தலையெழுத்தை.

அப்புறம் சி.பி.யு.வைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் போர்வையை விலக்கிப் பார்த்து, “பாப்பா இல்லியா?” என்று ஏமாந்துபோனது. சென்டர்க்காரர் சிவசங்கரன் அண்ணன் சேலத்துக்காரர், சி.டி. எழுதும் டிரைவ் உள்ள பெரிய மனிதர். திறந்து பார்த்தார். தலை இல்லாத கோப்பு என்பதால் மென்பொருள் அவரையே திருப்பிக் கேட்டது: இந்தப் பாட்டில் ஒரு நொடிக்கு எத்தனை துண்டு? “சி.டி.ன்னா நாப்பத்து நாலாயிரத்து நூறுடா தம்பி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்று தட்டினார். கேட்டுப் பார்த்தோம். பக்கத்து மெஷின்களில் ஏழு பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குண்டுமழையில் எங்களுக்கு அக்காவின் குரல் கம்பீரமாகத்தான் கேட்டது. அந்தக் கம்பீரத்தைத்தான் தங்களுக்குக் கூரியர் செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். தங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தார். “அந்த சி.டி.யில காப்பி இருக்குதாடா? போடு” என்றார். அக்கா பாடப் பாட அப்பா முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் சங்கு விழுந்தது. அப்பா கையைத் தூக்கினார்.

“இன்னாடா இது?”

“உங்க கம்பெனிச் சங்குப்பா.”

“இது எங்க சங்கு இல்ல. மறுபடி போடு.”

மூன்று முறை போட்டேன். அப்பா ஆர்மோனியத்தை இழுத்தார். “எங்க சங்கு அஞ்சு கட்டை. பதினாலு வருசமா கேக்கறேன், மழையில நனைஞ்சாகூட அஞ்சு கட்டைதான்” என்று ஐந்தாம் கட்டையை அழுத்திக் காட்டினார். பிறகு சி.டி.யில் கேட்டதைத் தேடினார். நாலு கட்டையில் இல்லை. நாலரையில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது மாமா, இடுக்குதான் இருக்கிறது. அங்கே ஒரு கரப்பான்பூச்சி வேண்டுமானால் பாடலாம்.

“பொண்ணு சுருதி தப்புனா சங்குமா கூட சேர்ந்து தப்பும்?” என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். “ரெண்டையும் யாரோ ஒண்ணா இழுத்திருக்கான். எங்கடா கொண்டுபோய்க் கொடுத்த?”

லேத் மெஷினில் பேரிங் தேய்வதை அடுத்த ஷெட்டிலிருந்தே கண்டுபிடிப்பவர் என்று அப்பாவைக் கம்பெனியில் சொல்வார்கள். நான் நம்பியதில்லை. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் சி.பி.யு.வுக்கு மறுபடி போர்வை சுற்றி, அப்பா முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். “நொடிக்கு இன்னா கணக்கு போட்ட தம்பி?” என்று அப்பா கேட்க, சிவசங்கரன் அண்ணன் தன் மனப்பாடத்தை ஒப்பித்தார். நாங்கள் வீட்டில் பதிவு செய்தது நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு. அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்பத்தெட்டாயிரம் இட்லியை நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறாகப் பரிமாறினால் பந்தி நீளாமல் என்ன செய்யும்? மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் பதினாறு விநாடி ஆகியிருந்தது, குரலும் கூடவே இறங்கியிருந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சரியான எண்ணைக் கொடுத்துத் திறந்து, பிறகு முறைப்படி சி.டி. கணக்குக்கு மாற்றினார். பாட்டு ஓடியது. சங்கு விழுந்தது. அப்பா கையோடு தூக்கி வந்திருந்த ஆர்மோனியத்தில் ஐந்தாம் கட்டையை அழுத்தினார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அக்காவின் முதல் ஸ்வரமும் அன்றைக்கு அப்பா அழுத்திய அதே கட்டையில் போய் உட்கார்ந்தது. துப்பாக்கி விளையாடிய ஏழு பேரும் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. இவர் என் அப்பா என்று அந்த ஏழு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே மாமா, சுருதி போனது அக்காவுக்கு இல்லை, எண்ணுக்கு. இத்துடன் சரியான சி.டி. இருக்கிறது. ஆர்கனில் வைத்துப் பாருங்கள். அக்கா இப்போதைக்கு மறுபடி பாடமுடியாது. இருப்பது இந்த ஒன்றுதான். மதலைமுத்து அண்ணன் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் நானே வந்து கேட்கிறேன், எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

அத்தைக்கும் ஆர்கனுக்கும் என் வணக்கம். தங்கள் செபத்தில் எங்கள் எல்லோரையும் மொத்தமாகவும், என்னைத் தனியாகப் பெயர் சொல்லியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மருமகனும்
நீக்கப்பட்ட பாடகனுமான
விஜய்குமார்

பி.கு.: மாமா, உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மனசு உறுத்துகிறது. காலண்டரைப் பாருங்கள். நவம்பர் ஏழு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் கம்பெனிக்கு விடுமுறை. அன்றைக்கு எந்தச் சங்கும் ஊதவில்லை. ஊதியது நான், சமையலறையில், காலிக் குடத்துக்குள் வாயை வைத்து. படுத்திருந்த அப்பா பதறியடித்து ஷூவைத் தேட வேண்டும் என்பதுதான் திட்டம். ஓய்வுபெற்ற சுரங்கத் தாத்தாக்கள் பதினோரு பேரைப் பிரசங்கத்தின் நடுவே சுரங்கச் சங்கு மாதிரி ஊதி எழுப்பிய அதே வாய்தான். ஆனால் அப்பா அன்றைக்குப் பாதி எழுந்து, மறுபடி படுத்துவிட்டார். இப்போது யோசித்தால், அக்காவுக்காக நான் மேலே கொண்டுவந்து நிறுத்திய ஒரே சாட்சி என் வாய். இதை நம்பமாட்டேன் என்றுகூடத் தாங்கள் சொல்லலாம். அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும்டா. ஞாயித்துக்கெழம எவன் கம்பெனிடா சங்கு ஊதறான்? எத்தன தடவ ஊதி என்னை ஓட வெச்சிருப்ப, ஒரு தடவையாவது சுருதி தப்பியிருந்தா நான் ஏன்டா ஓடப்போறேன்? மச்சானுக்கு இதையும் எழுது.”

எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்று படித்த அக்கா காலண்டர் தாளை எடுத்து ‘எருமை’ என்று எழுதியது. அடிக்கோடு இரண்டு. அதற்குக் கீழே, ‘அஞ்சு கட்டை எருமை’. தனிப்பாட்டு அக்காவுக்கு, அதில் மாற்றம் வேண்டாம். தங்கள் குழுவில் ஒரு குடத்துக்கு இடமிருந்தால் மட்டும் சொல்லியனுப்புங்கள்.